கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள்

கேட்டவள் பெயர் நொக்வாண்டா.
டர்பன் பல்கலைக்கழகத்து மாணவியாம்.
பூஜ்ஜியத்திலிருந்து மூன்றுவரை
ஓர் எண் சொன்னால் போதும் என்றாள்.
தூக்கம்?
பூஜ்ஜியம் என்றேன்.
தூக்கமே இல்லையா ஆன்ட்டி?
இல்லையம்மா, தொந்தரவுதான் பூஜ்ஜியம்.
நன்றாகத் தூங்குகிறேன்.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன்,
ஊர் பட்டினி கிடக்கையில்
ஏப்பம் விட்டவளைப்போல.

பத்தொன்பது வருடம் ஜேக்கப்ஸ் ஆலையில்
சட்டைக்குக் காலர் வைத்தவள் நான்.
சூப்பர்வைசர் பின்னால் வருவதை
முதுகாலேயே கேட்கப் பழகியவள்.
கும்பல் என்றால் உள்ளங்கை வேர்க்கும்.
கல்யாண ஹாலில் கழிப்பறைக்குள் போய் நின்று
நூறுவரை எண்ணிவிட்டு வெளியே வருவேன்.
மார்ச் மாதம் ஒரு நள்ளிரவில்
நாடு முழுவதும் என் கழிப்பறைக்குள் வந்து
நெருக்கியடித்து நின்றுகொண்டு
எண்ணத் தொடங்கியது.

எனக்கானால் விட்டுவிட்டது.
முதன்முறையாக மாமரத்தில் மைனாக்கள் சண்டை போடுவதை
முழுதாகப் பார்த்தேன்.
யார் ஜெயித்தது என்றும் தெரியும்.

ஆனால் சாட்ஸ்வொர்த்தில்
எந்தச் சுவரும் முழுச்சுவர் இல்லை.
ஒரே கூரை, நடுவில் ஒற்றைச் செங்கல்,
அந்தப் பக்கம் பூபாலன்.

பஸ் ஓட்டுகிறவன்.
பக்கவாட்டில் நெருப்புக் கக்கும் புலி,
உள்ளே ஜன்னல் நடுங்கும் பாட்டு.
ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பான்.
எனக்கு மௌனசாமி.
அறுபது பேர் இல்லாமல்
அவனுக்கு மூச்சு விடத் தெரியாது.

முதல் வாரம் வேலிமேல் சாய்ந்து பேசினான்.
மூன்றாம் வாரம், கடையில் சாராயம் விற்காததால்
அன்னாசியும் ஈஸ்டும் வாளியில் நுரைத்தன.
ஐந்தாம் வாரம் வாளியும் அடங்கிவிட்டது.
பிறகு சுவர்வழியே நடை.
பதினொரு அடி, திரும்பல், பதினொரு அடி.
"படுங்களேன்", தனபாக்கியத்தின் குரல்.
பதினொரு அடி.

இரவு இரண்டு மணிக்கு பஸ்ஸில் ஏறி உட்காருவான்.
விளக்குப் போடமாட்டான்.
பாட்டரி செத்துவிடக் கூடாதென்று
எஞ்சினை மட்டும் கால் மணி நேரம் ஓடவிடுவான்.
ஒருநாள் திரைச்சீலை விலக்கிப் பார்த்தேன்.
கதவைத் திறந்தான்.
யாரும் ஏறவில்லை.
சில்லறை வாங்குகிற மாதிரி கையை நீட்டினான்.
கதவை மூடினான்.

அந்த எஞ்சின் சத்தத்தில்தான்
நான் தூங்கிப்போவேன்.
இதை நொக்வாண்டாவிடம் சொல்லவில்லை.
இதற்கு எண் இல்லை.

உங்களைப் பற்றியே உங்களுக்கு
மோசமான எண்ணம் வந்ததா?
மூன்று என்றேன்.
பேனா நின்றது கேட்டது.
ஏன் என்று கேட்கப் படிவத்தில் இடமில்லைபோலும்.

நீ எப்படியிருக்கே, என்றேன்.
எங்கோ ஒரு குழந்தை அழுதது, ஒரு கதவு சாத்தப்பட்டது.
"இன்றைக்கு நீங்கள் முப்பத்தெட்டாவது ஆள், ஆன்ட்டி,
நீங்கள்தான் கேட்டீர்கள்" என்றாள்.
பிறகு, அடுத்த கேள்விக்குப் போகலாமா.

ஜூன் கடைசியில் பூபாலனை
ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள்.
காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை.
"நெஞ்சுக்குள்ள யாரோ பெல் அடிச்சிக்கிட்டே இருக்காங்க,
நிறுத்த ஸ்டாப் வரல" என்றானாம் டாக்டரிடம்.

அன்று ராத்திரி சுவர் சும்மா இருந்தது.
விடியும்வரை விழித்திருந்தேன்.

மறுநாள் வேலிக்கு மேலே
தனபாக்கியம் சாவியை நீட்டினாள்.
பாட்டரி, என்றாள்.
அதற்குமேல் அவளுக்கும் வரவில்லை.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.
ஏறி உட்காருகிறேன்.
சீட் அவன் உடம்புக்குக் குழிந்திருக்கிறது.
சாவியைத் திருப்ப, புலி உறுமுகிறது.
கண்ணாடியில் அறுபது காலி இருக்கைகளும்
என்னையே பார்க்கின்றன.
உள்ளங்கை வேர்க்கிறது.

ஆகஸ்டில் இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிடுவாள்.
என்ன எண் சொல்வதென்று தெரியவில்லை.
கால் மணி ஆக
இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது.